மறு: சப்நெட்டுக்குத் தமிழ்ச்சொல் – துணைவலையா, பாத்தியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினி வலையமைப்புச் செய்முறைக் கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. இத்தனை மடல்கள் போட்டும் சப்நெட்டுக்கு, அதாவது பெரிய வலையைப் பிரித்த சிறு வலைக்கு, சொல் முடிவாகவில்லை. என் பக்கத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

> துணைவலை என்றே போடுங்கள். துணைவேந்தர், துணைக்கோள் எல்லாம் இருக்கின்றனவே.

இருக்கின்றன ஐயா. ஆனால் துணைக்கோள் கோளிலிருந்து வெட்டி எடுத்த பங்கா? துணை என்றால் கூட நிற்பது. சப்நெட்டோ ஒரே முகவரித் தொகுதியைக் கூறுபோட்டதில் ஒரு கூறு. ஈழத்து நண்பர் சொல்லும் உபவலையிலும் எனக்கு இதே குறைதான். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. வடஎழுத்தை ஒருவி, அதாவது நீக்கி, வந்தால் தொல்காப்பியரே ஏற்கிறார்.

ஆய்வகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 192.168.10.0/24 என்ற 256 முகவரித் தொகுதியை நான்கு ஆய்வகங்களுக்கு நான்காகப் பிரித்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் 64 முகவரி, முதலும் கடைசியும் போக 62. முதல் கூறு .0 முதல் .63 வரை, இரண்டாவது .64 முதல் .127 வரை. ஒரு மாணவர் தன் கணினிக்கு .70 கொடுத்துவிட்டு, கேட்வேக்கு, அதாவது அடுத்த வலைக்குப் போகும் வாயிலுக்கு, .1 என்று போட்டிருந்தார். கூறின் எல்லையைக் காட்டும் மாஸ்க் 255.255.255.192, அது சரி. பக்கத்துக் கணினிக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, அடுத்த ஆய்வகத்துக்குப் போகவில்லை. இரும எண்ணில் எழுதிக் காட்டினேன், விழித்தார். அப்புறம், "தம்பி, நீ இரண்டாவது பாத்தியில் இருக்கிறாய். முதல் பாத்தி மடையில் போய் நின்றால் எப்படி?" என்றேன். திரையை ஒரு நொடி பார்த்தார். .1 ஐ அழித்து .65 என்று தட்டினார். பிங் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு சப்நெட் பாத்தி, மாஸ்க் வரப்பு, கேட்வே மடை. பாத்திகள் சிறிதும் பெரிதுமாக இருக்கலாம், 64 முகவரி கொண்ட /26 பக்கத்தில் 16 முகவரி கொண்ட /28 இருப்பதுபோல.

> பாத்திக்கும் பகுத்தலுக்கும் என்ன தொடர்பு?

நல்ல கேள்வி. 'பாத்தூண் மரீஇ யவனை' என்ற குறளில் பாத்து என்பது பகுத்து. பகுதி பாதியானதும் இதே வழிதான். நிலத்தைப் பகுத்தது பாத்தி. 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்று வள்ளுவரே பாத்தியையும் ஆள்கிறார். பிரிக்கும் வினை சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது முன்னொட்டு எதற்கு?

> மடையில் நீர் ஒரு பக்கம்தான் பாயும். தரவுப் பொதிகள் இரு பக்கமும் போகுமே.

உண்மை. உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது. நகரத்துப் பிள்ளைகள் பாத்தியைப் பார்த்ததே இல்லை என்று நம் குழுவில் ஓர் அம்மா எழுதியதற்கும் என்னிடம் பதில் இல்லை. அது என்னை உறுத்துகிறது. நேர்காணலில் யாரும் பாத்தி என்று கேட்கமாட்டார்கள் என்பதற்கு மட்டும் பதில் உண்டு: துணைவலை என்றும் கேட்கமாட்டார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் முதல் இடத்தில் சப்நெட் என்றும் எழுதத்தான் வேண்டும்.

ரவுட்டருக்குத் திசைவி ஊன்றிவிட்டது, அதைக் கிளற வேண்டாம்.

சரி, எண்ணிப் பார்த்தேன். துணைவலைக்கு ஒன்பது பேர், பாத்திக்கு என்னோடு நான்கு பேர். கையேட்டில் துணைவலையே போகும். பாத்தி அடிக்குறிப்பில் என் பொறுப்பில் வரும், கரும்பலகையில் நான் அதைத்தான் எழுதுவேன். மாஸ்க்குக்கு முகமூடி மட்டும் வேண்டவே வேண்டாம், அங்கே யாரும் முகத்தை மறைக்கவில்லை. வரப்பு பிடிக்காதவர்கள் ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் அனுப்புங்கள்.