பழகுசெலவு: பிம் முறைக்கு மாறும் செலவை எப்படிச் சொல்வது?

> பிம் முறையைக் கைக்கொள்ள ஆகும் செலவுக்கு ‘ஏற்புச் செலவு’ என்பதே போதும். சுருக்கமாகவும் இருக்கிறது.

கலைச்சொல் தொகுப்பு நண்பர்களுக்கு வணக்கம். உங்களில் சிலர் எழுதியதை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மதிப்பீட்டு வேலை பார்க்கிறேன். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைக் கொட்டகைகள், ஊருக்குள் மண்டபம், மருத்துவமனை என்று வேலை நடக்கும். போன வருடம் பிம் (BIM) முறைக்கு மாறினோம். கட்டடத்தை வெறும் கோடுகளாக வரையாமல், ஒவ்வொரு பாகத்தையும் அதன் தகவலோடு கணினியில் உருவாக்கும் முறை அது. இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மென்பொருள் சந்தா, புதுக் கணினிகள் இரண்டுக்கும் பேரேட்டில் தலைப்பு இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று வந்தது. கோடு போட்டு வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் 4 நாளில் பிளான் முடிக்கிற எங்கள் பையன் முதல் பிம் வேலைக்கு 11 நாள் எடுத்தான். அவன்மேல் குற்றமில்லை. ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு கோடு. இங்கே அந்தச் சுவருக்கு உயரம், கல்லின் அளவு, பூச்சின் கனம் எல்லாம் சொல்லியாக வேண்டும். மென்பொருளோடு வந்த பொருள் தொகுப்பில் நம் ஊர் 6 அங்குல சாலிட் பிளாக் இல்லை. கடப்பாக்கல் தட்டு இல்லை. கிரானைட் படி இல்லை. கிரானைட் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படியை நாங்களே ஒவ்வொன்றாக வரைந்தோம். மாதக்கணக்கில் சம்பளம் போனது, வேலை நகரவில்லை. கணக்கு எழுதும் அம்மா, “சார், இதை எந்தத் தலைப்புல போடறது?” என்று கேட்டார். என்னிடம் சொல் இல்லை.

‘ஏற்புச் செலவு’ எனக்குப் பொருந்தவில்லை. ஏற்பு ஒரே நாளில் முடிந்துவிடும். முதலாளி கையெழுத்துப் போட்டால் ஏற்பு. எங்கள் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார், பெட்டி வாங்கினால் செலவு முடிந்தது என்று.

> ‘பழக்கச் செலவு’ என்றால்?

நெருங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் அதைக் கேட்டால் டீ, வெற்றிலைச் செலவுபோல வழக்கமாக ஆகிற செலவு என்று பொருள் போகிறது. ‘பழகுசெலவு’ என்று வைத்துப் பாருங்கள். ஊறுகாய், குடிநீர் மாதிரி வினைத்தொகை. நடுவில் ‘ச்’ வராது. வினைத்தொகையில் மூன்று காலமும் அடங்கும்: பழகிய செலவு, பழகுகிற செலவு, பழகும் செலவு. இந்தச் செலவும் அப்படித்தான் நடக்கிறது. பழகிய பையன் பெங்களூருக்குப் போய்விட்டால் அடுத்தவனுக்கு முதலிலிருந்து. பிம் மென்பொருளான ரெவிட்டின் புதுப் பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் புதுப் பதிப்புக்கு மாறினால் நாமும் மாற வேண்டும். ஒருமுறை வாங்கிப் பல வருடம் ஓட்டலாம் என்ற நிரந்தர உரிமத்தையும் ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது.

சொல் நம் மண்ணுக்கும் அந்நியமில்லை. என் தாத்தா பென்னாகரம் பக்கம் மானாவாரி விவசாயி. இளங்காளையைப் பழைய மாட்டோடு ஜோடி கட்டிப் பழக்குவார். அன்றைக்கு உழவு பாதிதான் நடக்கும், தீவனம் முழுசாகத்தான் போகும். அதை நஷ்டம் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

> பிம் என்பதற்கே சொல் இல்லாதபோது அதன் செலவுக்கு மட்டும் சொல்லா?

நியாயமான கேள்வி. ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்றால் சைட்டில் ‘மாதிரி’ மட்டும்தான் காதில் விழுகிறது. அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாகோல் வீட்டை நினைக்கிறார்கள். ‘கட்டடத் தகவலுரு’ எனலாமா? ஒரு சிக்கல், ‘தகவலுருவாக்கம்’ என்று நீட்டினால் தகவலை உருவாக்குவது என்று பிரிந்துவிடும். அதனால் செயலைச் சொல்லும்போது ‘தகவலுரு வனைதல்’. குயவர் வனைவது நமக்குத் தெரிந்த சொல்தானே. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இன்னும் பேசலாம்.

இன்னொன்று, குழாயும் பீமும் ஒரே இடத்தில் வருவதைத் திரையிலேயே கண்டுபிடிப்பதற்கு ‘மோதல் கண்டறிதல்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பிளம்பர் படத்தைப் பார்த்ததும், “சார், பைப்பு பீம்ல முட்டுது” என்றார். ‘முட்டல்’ என்றே வைக்கலாம். ‘இடிப்பு’ வேண்டாம், கொத்தனார் சம்மட்டி எடுத்துவிடுவார். மருத்துவமனை வேலையில் ஏசி டக்ட் முட்டியதை இப்படிக் கான்கிரீட் போடும் முன்பே பிடித்தோம். பழகுசெலவில் ஒரு பங்கு அங்கே திரும்பி வந்தது.

தொகுப்புக்கு என் பதிவு இது. பழகுசெலவு: ஒரு புது முறைக்கு ஆட்களும் வேலையும் பழகும்வரை, பழகிய பின்னும் தொடர்ந்து, வாங்கிய விலைக்கு மேல் ஆகிற செலவு.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை கணக்கு அம்மாவிடம் தலைப்பு சொல்ல வேண்டும்.