இங்கிலாந்தில் ஒப்பிலக்கியம் எம்.ஏ.: ஆய்வேட்டில் தமிழை எடுக்கலாமா, வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்?

வைகைக்கரை
பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். 2026 செப்டம்பரில் சேர்வதற்கு வாரிக், யு.சி.எல். (லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்) இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒப்பிலக்கியம்தான் வேண்டும். தமிழ்ப் படைப்பு ஒன்றை ஆய்வேட்டில் சேர்க்க விடுவார்களா? நம் ஊர்த் தேர்வுக்குப் பழகியவர்களுக்கு அங்கே மதிப்பெண் எங்கே போகும்? விசாவுக்கு மாமாவின் வங்கிக் கணக்கைக் காட்டலாமா? ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறார். அதனால்தான் இந்த மன்றத்தில் கேட்கிறேன்.

அடிக்குறிப்பு
முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

தமிழை எடுப்பதற்குப் பெரும்பாலும் விதி தடையாக இருக்காது, திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான் சிக்கல். வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில், பாடநூல்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில். ஆய்வேட்டை மட்டும் வழிகாட்டியும் இன்னொருவரும் பார்ப்பார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாவிட்டால், நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு உள்ள படைப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்வார்கள். அதனால் இடத்தை உறுதி செய்யும் டெபாசிட் கட்டும் முன்பே பாடப்பிரிவு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: இன்ன படைப்பு, இன்ன மொழிபெயர்ப்பு, மூலத்திலிருந்து நானே மேற்கோள் தருவேன், வழிகாட்ட ஆள் உண்டா? நான்கு வரி போதும். பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாரிக்கில் துறையின் பெயரிலேயே ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சேரும் ஆண்டில் எந்தெந்த மாட்யூல் (தனிப் பாடம்) ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் அவருடைய மாட்யூல் அந்த ஆண்டு இல்லாமல் போகும்.

மதிப்பெண் விஷயம். எம்.ஏ. என்பது 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி). பொதுவாக 120 மாட்யூல்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. 30 கிரெடிட் மாட்யூலுக்கு 5,000 முதல் 6,000 சொல் வரை ஒரே கட்டுரை, ஆய்வேடு 12,000 முதல் 15,000 வரை. 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 64 வாங்கிவிட்டு அழ வேண்டாம், அது நல்ல மதிப்பெண்.

நம்மவர்களின் கட்டுரை ஐம்பதுகளிலேயே நின்றுவிடக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பக்கம் ஆசிரியர் வரலாறு, அடுத்த இரண்டு பக்கம் கதைச் சுருக்கம், பிறகு விமர்சகர்கள் சொன்னதை வரிசையாக அடுக்குவது. அங்கே கேட்பது ஒரு வாதம். முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டு, மூன்று நான்கு இடங்களை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: இங்கே காலம் ஏன் மாறுகிறது, கதைசொல்லி யாரைப் பார்த்துப் பேசுகிறார், வாக்கியம் ஏன் பாதியில் உடைகிறது என்று. விமர்சகரை மேற்கோள் காட்டினால் அவரோடு எங்கே உடன்படுகிறீர்கள், எங்கே இல்லை என்று ஒரு வரியாவது வேண்டும்.

ஒப்பிடுவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இரண்டு நாவலைப் பக்கத்தில் வைத்து ஒற்றுமை, வேற்றுமை என்று பட்டியல் போட்டால் "ஏன் இந்த இரண்டும்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். 1879-ல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தை அதே காலத்து ஆங்கில நாவலோடு வைத்து, "இரண்டிலும் பெண்கல்வி வருகிறது" என்றால் அது தேறாது. கதைக்குள் கிளைக்கதை சொல்லும் பழைய மரபு, நாவல் என்ற புது வடிவத்துக்குள் வந்தபோது கதையோட்டம் என்னவாயிற்று, அதே சிக்கலை இன்னொரு மொழி எப்படிக் கையாண்டது என்று கேட்டால் அது கேள்வி.

மேற்கோளுக்கு மூலம் காட்டும் பாணி எம்.எச்.ஆர்.ஏ.வா (MHRA), எம்.எல்.ஏ.வா (MLA) என்று துறைக் கையேட்டில் இருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தரும்போது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (பேரகராதி) முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ள-வுக்கு எல்லின் (l) அடியில் புள்ளி, ழ-வுக்கு எல்லின் அடியில் கோடு, ண-வுக்கு என்னின் (n) அடியில் புள்ளி, ன-வுக்கு என்னின் அடியில் கோடு. பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழ்க் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் குப்பையாக வரும், யூனிகோடில் நீங்களே அடித்துவிடுங்கள். ஒரு மாட்யூலுக்கு எழுதிய பத்தியை இன்னொன்றுக்கு அப்படியே போட்டால் அதுவும் திருட்டுதான். சொந்தச் சரக்கு என்ற வாதம் செல்லாது.

பாஸ்புக்
மாமா கணக்கு செல்லாது. உங்கள் கணக்கு அல்லது பெற்றோர் கணக்குதான். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா தருவதானால் இப்போதே உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லி, நன்கொடைக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள்.

தொகை: முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கி, அதோடு ஒன்பது மாதச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. ஒன்பதால் பெருக்கினால் 13,761, 10,539. வாரிக் பல்கலைக்கழகம் இருப்பது வாரிக் ஊரில் இல்லை, கவென்ட்ரி ஓரத்தில். எனவே குறைந்த தொகை. யு.சி.எல். லண்டன் கணக்கு.

இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், கடைசி நாள் விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான். ரூபாயை மாற்றுவது விண்ணப்பித்த நாளின் ஓண்டா (நாணய மாற்று இணையதளம்) விகிதத்தில், ஆகவே சரியாக அளந்து வைக்காமல் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். கட்டிய டெபாசிட், பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் காஸ் (CAS) ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறினால்தான் கழியும்.

தனியாக, மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு எம்.ஏ.வுக்கு விசா பதினாறு பதினேழு மாதம் வருவதால் பெரும்பாலும் 1,164 ஆகும். காசநோய்ச் சான்றிதழ் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும், ஆறு மாதம் செல்லும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7 அல்லது 7.5 கேட்பார்கள்.

படிக்கும்போது வேலை வாரம் 20 மணி நேரம் வரைதான். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம் எம்.ஏ. மாணவருக்கு விடுமுறை ஆகாது. பி.ஏ. படிக்கும் நண்பர் முழுநேரம் போகிறாரே என்று நீங்களும் போனால் விசா விதி மீறல்.

நூலகப்பூனை
படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் கிராஜுவேட் விசாவை இன்னும் இரண்டு ஆண்டு என்றே ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் அதில்தான் வருவீர்கள்.

உதவித்தொகை: பிரிட்டிஷ் அரசின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், புதிதாக பி.ஏ. முடித்தவருக்கு ஆகாது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2022-23 விதிமுறையில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த பாடங்களை விலக்கிவிட்டார்கள். தமிழை முன்வைத்து எழுதும் திட்டம் அங்கே இடிக்கும். நடப்பு ஆண்டு விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காமலே சொல்கிறேன். கடைசியில் முனைவர் பட்டம்தான் நோக்கம் என்றால் கடன் வாங்கி ஓராண்டு எம்.ஏ. செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் ஆய்வுப் படிப்புக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். கொலம்பியாவில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் ஒரே துறை. அங்கே சேரக் கேட்ட ஜி.ஆர்.இ. இலக்கியப் பாடத் தேர்வு 2021-ல் நின்றுவிட்டது. இப்போது எடை பெரும்பாலும் 15 முதல் 20 பக்க மாதிரிக் கட்டுரையில். ஆனால் மூன்றாண்டு பி.ஏ.வைச் சில இடங்கள் ஏற்பதில்லை, அதை முதலில் கேளுங்கள்.

வைகைக்கரை
முனைவர் பட்டம் இப்போதைக்கு இல்லை. ஊருக்குத் திரும்பிக் கல்லூரியில் சேரும் எண்ணம். ஓராண்டு எம்.ஏ. செல்லுமா?

அடிக்குறிப்பு
2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களை ஏற்கும் ஒப்பந்தம் போட்டபின் பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்குச் சிக்கல் குறைந்திருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தனியாக எழுத வேண்டும். பூனையார் சொன்ன அமெரிக்க வழி உங்களுக்குப் பொருந்தாது. மதிப்பெண் பட்டியலின் அசலையும் பாடத்திட்ட நகலையும் கிளம்பும் முன் வாங்கிக்கொள்ளுங்கள், சமநிலைக்கு அவற்றைத்தான் கேட்பார்கள்.