மிச்சச் சோற்றை எண்ணெயில் காயவைத்துக் கோழித்தீனி ஆக்கலாமா?

லயத்துக் கோழிக்காரன்
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நாற்பது கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வைத்திருக்கிறேன். மச்சானின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தினமும் பத்து கிலோ மிச்சம் வருகிறது. சோறு, மீன் தலை, சாம்பார்க் காய், பாதி கடித்த அப்பளம் எல்லாம் கலந்து. மத்தியானமே நாறிவிடுகிறது, வெயிலில் பரப்பினால் மூன்று மணிக்கு மழை. ஜப்பானில் உணவுக் கழிவைச் சூடான பழைய எண்ணெயில் போட்டுக் காயவைத்துப் புரதத் தீவனம் ஆக்குகிறார்களாமே, வீட்டுக் குவாலியில் (வாணலியில்) செய்து பார்க்கலாமா?

பழைய பாய்லர்மேன்
தம்பி, செம்பனை மில்லில் பாய்லர் பார்த்தவன் சொல்கிறேன். ஜப்பானில் மூடிய தொட்டியில் காற்றை உறிஞ்சிவிட்டுச் செய்கிறார்கள். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தண்ணீர் 60 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும், தீனியும் கருகாது. அப்புறம் நம் மில்லில் பழத்தைப் பிழிகிற மாதிரி ஸ்க்ரூ பிரஸ்ஸில் போட்டு எண்ணெயைப் பிழிந்தெடுக்க வேண்டும். பத்து கிலோவில் முக்கால்வாசி தண்ணீர்தான், மிஞ்சுவது இரண்டரை கிலோ. மானிய விலை கேஸ் கிலோ 1.90 வெள்ளி (ரிங்கிட்) என்றால் கேஸ் செலவு இரண்டு வெள்ளிக்குள் அடங்கிவிடும், அது பெரிசில்லை. ஆனால் பிரஸ் இல்லாவிட்டால் தீனி குடிக்கிற எண்ணெய் அப்படியே கோழி வயிற்றுக்குள் போகும்.

கைசுட்டவன்
அண்ணே சொன்னது சரி. நான் குவாலியில் செய்து பார்த்தேன். ஈரச் சோற்றை ஒரு கரண்டி போட்டதும் நுரை பொங்கி வெளியே வழிந்து அடுப்பில் தீப்பிடித்தது, பக்கத்து வீட்டு அக்கா ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். முழங்கையில் இன்னும் தழும்பு. தீயில் தப்பித்த சோறும் கருகிப்போயிருந்தது, கோழி கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

பழைய பாய்லர்மேன்
நல்லவேளை தண்ணீரை ஊற்றவில்லை. இன்னொன்று, எண்ணெய் புதிதாய்ப் புரதம் எதையும் உண்டாக்காது, தண்ணீரை மட்டும்தான் எடுக்கும். காய்ந்த சோற்றில் புரதம் நூற்றுக்கு ஏழெட்டுதான், முட்டைக் கோழிக்கு 16, 17 வேண்டும். அதிகம் கருகினால் லைசின் என்கிற சத்தும் வீணாகிவிடும். உங்களிடம் புரதம் இருப்பது மீன் தலையில்தான், அதைச் சோற்றோடு கலக்காமல் தனியாக வாங்குங்கள்.

லயத்துக் கோழிக்காரன்
சரிண்ணே, எண்ணெய் வேண்டாம். நாளையிலிருந்து மச்சான் கடையில் இரண்டு வாளி. மீன் தலையை உப்பு போக அலசி, நன்றாக வேகவைத்து நசுக்கித் தவிட்டோடு போடுகிறேன். சோற்று வாளிக்கு பி.எஸ்.எஃப். புழு (கழிவைத் தின்று வளரும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, கோழிக்குத் தீனியாகும்) வளர்க்கலாமா என்று கேட்டால் வீட்டுக்காரி இப்போதே மூக்கைப் பொத்துகிறாள், யாராவது வளர்த்தவர் இருந்தால் நாற்றம் எப்படி என்று சொல்லுங்கள்.