ஆம்ப்ளிஃபயர்: இது இரைச்சலா, டிஸ்டார்ஷனா?

கேள்வி:
நானே சால்டர் வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்தால் ஆசிலாஸ்கோப்பில் (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கோடு தடித்துத் தெரிகிறது. வால்யூமைக் கூட்டினால் அலையின் உச்சி தட்டையாகிறது. இரண்டையும் இரைச்சல் என்றே இத்தனை நாள் சொல்லிவந்தேன். தப்பா?

பதில்:
தப்புதான். கோடு தடிப்பது இரைச்சல், உச்சி தட்டையாவது டிஸ்டார்ஷன், அதாவது அலையின் வடிவமே சிதைவது. சிக்னலை எடுத்துவிட்டு, உள்ளீட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்து பாருங்கள். சும்மா திறந்து விடாதீர்கள். அந்த வயரே ஆண்டெனாவாகி மெயின்ஸ் ஹம்மை (வீட்டு மின்சார லைனின் ரீங்காரத்தை) இழுத்துவரும். எனக்கு ஒரு மாலை முழுக்க அப்படித்தான் வீணானது. ஷார்ட் செய்த பிறகும் மிச்சமிருப்பது இரைச்சல். டிஸ்டார்ஷன் சிக்னலோடு வரும், சிக்னலோடு போகும், ஏனென்றால் அது சிக்னலிலிருந்தே பிறக்கிறது. மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் 1000 ஹெர்ட்ஸோடு 3000, 5000 என்று புது அதிர்வெண்கள் முளைக்கும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால் 2000, 4000 கூடச் சேரும்.

கேட்டவர்:
சரி, ஷார்ட் செய்தேன். தட்டை போய்விட்டது, தடிப்பு கொஞ்சம் இருக்கிறது. எந்தப் பாகம் கெட்டுப்போயிருக்கும்?

இன்னொரு பதில்:
எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை. நல்ல ரெசிஸ்டரும் இரையும். அறை வெப்பத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் சுமார் 1.8 மைக்ரோவோல்ட் தரும். ஆம்ப்ளிஃபயர் அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். இந்த ரெசிஸ்டர் இரைச்சலை ஜான்சன் என்ற ஆய்வாளர் அளந்தார், நைக்விஸ்ட் என்ற ஆய்வாளர் விளக்கினார்; இரண்டு கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. அப்புறம், சிக்னலைத் திரும்பக் கொடுத்து ஸ்கோப்பில் 64 முறை சராசரி வைத்துப் பாருங்கள். இரைச்சல் தாறுமாறானது என்பதால் தடிப்பு எட்டில் ஒரு பங்காகும் (64-இன் வர்க்கமூலம் 8). தட்டை உச்சி அப்படியே நிற்கும்.