மட்சுவேயில் மூன்று மாலைகள்

ஜப்பானின் கியோட்டோவில் ஒரு கோயில் வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு என் கணவர், "திருவாரூர்த் தேருக்கே இவ்வளவு நெரிசல் இல்லை" என்றார். மறுநாளே ஒகயாமா போய் யாகுமோ ரயில் ஏறினோம். மலைகளுக்கு நடுவே இரண்டரை மணி நேரம் வளைந்து வளைந்து போய் மட்சுவேயில் இறங்கினோம். ஷிமானே மாகாணத்தின் தலைநகர் என்கிறார்கள். பொழுது சாய்ந்தால் தெருவில் எங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

முதலில் ஹொரிகவா அகழிப் படகு. கோட்டையைச் சுற்றி ஏறக்குறைய ஐம்பது நிமிடம். சில பாலங்கள் மிகத் தாழ்வு என்பதால், படகோட்டி குரல் கொடுத்ததும் மேற்கூரையே கீழே இறங்கும். எல்லோரும் இரண்டாக மடங்கிக் குனிய வேண்டும். புறப்படும் முன் ஒத்திகை வேறு. மூட்டுவலிக்காரரான இவர் முதல் பாலத்தில் முணுமுணுத்தார். அடுத்ததில், குனிய மறந்த என் தலையைத் தன் கையால் அமுக்கினார்.

கோட்டை 1611இல் கட்டி முடிந்தது. இடித்துக் கட்டாமல் பழைய மரக்கட்டுமானத்தோடு நிற்கும் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்று. உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்து. நான் மட்டும் ஏறினேன்.

மீதி நேரமெல்லாம் ஷின்ஜி ஏரிக்கரைதான். அங்குள்ள ஷிமானே கலை அருங்காட்சியகம், மார்ச் முதல் செப்டம்பர் வரை, சூரியன் மறைந்து அரை மணி கழித்துத்தான் மூடுகிறது. இந்த ஒரு வழக்கத்துக்காகவே எனக்கு ஊர் பிடித்துப்போயிற்று. ஆனால் முதல் மாலை மேகம், இரண்டாம் மாலை தூறல். ரயில் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். மூன்றாம் மாலையும் வானம் மூடியே கிடந்தது. குளிர்கிறது என்று இவர் காப்பி வாங்கப் போனார். அந்த நேரம் பார்த்து மேகத்துக்கு அடியில் சூரியன் எட்டிப்பார்த்தது. யொமேகஷிமா என்னும் குட்டித் தீவின் பைன் மரங்கள் கருத்து நிற்க, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். மூன்று நிமிடம் இருக்கும். கையில் இரண்டு சூடான டின்களோடு இவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓடிவந்து கூப்பிடவில்லை என்று இரவு வரை என் மேல் கோபம்.

*

இதைப் படித்த ஒரு வாசகர் எழுதியது: நாங்களும் மட்சுவே போயிருக்கிறோம், ஜனவரியில். அப்போது படகிலேயே கொதாட்சு போட்டிருப்பார்கள்: அடியில் கணப்பு, மேலே மெத்தை விரிப்பு, அதற்குள் கால் நீட்டலாம். மனைவி இறங்க மனமில்லாமல் இறங்கினாள்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ஊர் ஷிஜிமி என்னும் சிப்பிக்குப் பேர்போனது. மிசோ சூப் கேட்டால் அதுதான் வரும். எங்களைக் காப்பாற்றியது இனிப்பு. மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு தேநீர்ப் பித்தர். அவர் விருப்பப்படி 1779இல் கட்டிய மெய்மெய்-அன் தேநீர்க் குடிலருகே உட்கார்ந்து, பச்சைத் தூள் புரட்டிய வகாகுசா என்னும் இனிப்பைச் சாப்பிட்டோம். கடித்தால் அல்வா போல இழுக்கிறது. மேலே ஒரு மடக்கு மாச்சா என்னும் பச்சைத் தேநீர், நல்ல கசப்பு.

*

இன்னொரு வாசகர் கேட்டது: பக்கத்திலுள்ள இசுமோ கோயிலுக்குப் போகவில்லையா? ஏரிக்கரையோரமாகவே ரயில் போகிறதே. திருமண பந்தத்துக்குப் பெயர்பெற்ற சன்னிதி. மற்ற பெரும்பாலான கோயில்களில் இரண்டு முறை கை தட்டி வணங்குவார்கள், இங்கே நான்கு. நாங்கள் இரண்டோடு நிறுத்த, பக்கத்தில் நின்ற பாட்டி நான்கு விரலைக் காட்டி முறைத்தார்.

*

என் பதில்: இசுமோ இந்த முறை விட்டுப்போயிற்று. அக்டோபரில் மறுபடி போகலாம் என்று இவர் பிடிவாதம். அப்போது அருங்காட்சியகம் சூரியனுக்காகக் காத்திருக்காது என்றேன். கரையில் உட்கார யாரிடம் டிக்கெட் வாங்க வேண்டும் என்கிறார்.