எதேச்சாதிகாரம் விழுந்த பிறகு எதை முதலில் கட்டுவது?

உப்புவெளி வாசகர்:
வணக்கம். உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களுக்காகத் திருகோணமலையில் ஒரு கலந்துரையாடல் வைக்கிறோம். எதேச்சாதிகார ஆட்சி போன பிறகு ஜனநாயகத்தைக் கட்டுவதில் வரும் சிக்கல்கள்தான் தலைப்பு. "மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்பதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. எந்த நாட்டில் எந்த ஏற்பாடு எப்படிப் பழுதானது என்று சொல்லுங்கோ. தேர்தல், அரசியல் யாப்பு, இராணுவம்: எதிலிருந்து தொடங்கலாம்?

மூதூர்:
போகிறவர்கள் எதை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். சிலியில் 1988 ஒக்டோபர் 5 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 சதவீதத்தினர் இராணுவ ஆட்சியாளர் பினோசேயை நிராகரித்தார்கள். 1990 மார்ச்சில் புதிய ஜனாதிபதி வந்தார். ஆனால் அவருடைய ஆட்சியில் எழுதிய 1980 யாப்பே சில திருத்தங்களோடு தொடர்ந்தது. பினோசே 1998 வரை தரைப்படைத் தளபதி. செனட்டில் 9 பேர் நியமன உறுப்பினர்கள். தொகுதிக்கு 2 ஆசனம். முதலாவது அணி இரண்டாவதைப் போல இரு மடங்கு வாக்கு எடுத்தால் மட்டுமே இரண்டும் அதற்கு. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான வாக்கு இருந்தாலே பாதி ஆசனம் கிடைத்துவிடும். நியமன செனட்டர்களை நீக்க 2005, இந்தத் தேர்தல் முறையை மாற்ற 2015 ஆயிற்று. அரச செப்பு நிறுவனத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதத்தை நேரே படைகளுக்குக் கொடுத்த சட்டம் 2019 இல்தான் நீங்கியது. வாக்குப்பெட்டியை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

உவர்மலை:
மூதூர் சொன்னது பழைய பூட்டுகள். புதிதாக எழுதிய நல்ல யாப்பும் செத்துப்போகும், அதற்குத் துனீசியாவை எடுங்கள். 2014 யாப்பின்படி அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 12 பேர்: பாராளுமன்றம் 4, நீதித்துறைப் பேரவை 4, ஜனாதிபதி 4. பாராளுமன்றம் தெரிவு செய்ய 217 இல் 145 வாக்கு வேண்டும். கட்சிகள் ஒருவர் பெயரை மற்றவர் வெட்டின. ஒரு வருடத்துக்குள் அமைய வேண்டிய நீதிமன்றத்துக்கு 2018 இல் ஒரே ஒருவர்தான் தெரிவானார். பாராளுமன்றம் தன் நால்வரை முடிக்காததால் மற்ற எட்டும் நின்றது.

விளைவு 2021 ஜூலை 25. ஜனாதிபதி கைஸ் சயீத் 80ஆம் உறுப்புரையைக் காட்டிப் பாராளுமன்றத்தை முடக்கினார். அந்த உறுப்புரையிலேயே தடுப்பும் இருந்தது: 30 நாள் கழித்துச் சபாநாயகரோ 30 உறுப்பினர்களோ அந்த நீதிமன்றத்திடம் போகலாம். போவதற்கு நீதிமன்றமே இல்லை. மாணவர்களுக்கு இந்த ஒரு இடத்தை ஆறுதலாக விளக்குங்கள், தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

உப்புவெளி வாசகர்:
இழுபறி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த நாடு உண்டா?

நிலாவெளி:
தென்னாபிரிக்கா. 1993 இடைக்கால யாப்பு புதிய யாப்புக்கு 2 வருடமும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் விதித்தது. அது கிடைக்காவிட்டால் நிபுணர் குழு. பிறகு 60 சதவீத ஆதரவு தேவைப்படும் மக்கள் வாக்கெடுப்பு. அதுவும் தோற்றால் சபை கலைந்து தேர்தல். தோற்றால் அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் 1996 மே மாதத்துக்குள் முடித்தார்கள். அதற்குப் பிறகும் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமுறை திருப்பி அனுப்பித்தான் ஏற்றது.

மாணவர்களுக்குப் பக்கத்து உதாரணமும் வேண்டும். நம் நாட்டின் வரலாறு வேறு, பழுது மட்டும் அதே வகை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. அந்த மாதமே 2017 இன் 17ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. 2018 ஓகஸ்டில் புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது: எதிராக 139, ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. அதைத் திரும்பப் பார்க்கப் பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும், தரவில்லை. தராவிட்டால் பழைய முறையில் தேர்தல் என்று ஒரு வரி சட்டத்தில் இல்லை. சபை இல்லாமல், திருகோணமலையிலிருந்து ஆளுநரே வருடக்கணக்கில் மாகாணத்தை நடத்தினார்.

கலந்துரையாடலில் அந்த மீளாய்வுக் குழுப் பிரிவைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். விடுபட்ட அந்த வரியை மாணவர்களே எழுதட்டும்: யார் செய்ய வேண்டும், எத்தனை நாளில், செய்யாவிட்டால் அதிகாரம் யாரிடம் போகும்.