உதவி தேவை: எதிராளியைக் கணித்து ஆடும் போக்கர் நிரல் ஆட ஆடத் தோற்கிறது

அரைக்காசு:
வணக்கம். எதிராளி ஆடும் விதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் போக்கர் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். முதல் 300 ஆட்டம் வரை வெல்கிறது. அதன் பிறகு தகவல் சேரச் சேர இறங்கிக்கொண்டே போகிறது. இப்போது 180 சிறு பந்தயம் (முதல் இரு சுற்றுகளில் வைக்கும் பந்தய அளவு) நட்டத்தில் நிற்கிறது. கற்கும் பகுதியை நான்கு முறை சரிபார்த்தும் பிழை கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை முடித்தாக வேண்டும்.

கள்ளிப்பூ:
இருவர் ஆட்டமா, ஆறு பேர் மேசையா? பந்தயத்துக்கு வரம்பு உண்டா? அந்த 180 எத்தனை ஆட்டத்தில் போனது? எதிராளி மனிதரா, இன்னொரு நிரலா? பணம் வைத்து ஆடும் தளமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கு நான் உதவமாட்டேன்.

மூன்றாம்சுழி:
எதிராளியின் ஆட்டத்தை எண்ணிக் குறிக்கும் அட்டவணையைச் சுழியத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்காவது பொதுச்சீட்டு விழுந்ததும் எதிராளி ஒரே ஒருமுறை ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி), கடைசியில் இரண்டு ஏஸைக் காட்டினார் என்றால், அந்த இடத்தில் அவர் ரெய்ஸ் செய்வதே ஏஸ் இருந்தால்தான் என்று நிரல் நம்பிவிடும். சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் எண்ணிக்கைகளை முன்கூட்டியே இட்டு நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கள்ளிப்பூ:
அப்படியானால் தொடக்கத்தில் அல்லவா தோற்றிருக்க வேண்டும்? அரைக்காசு சொல்வது நேர்மாறாக இருக்கிறதே.

பழைய நிரலர்:
தம்பி, படித்துவிட்டு எழுத உட்காரும் வழக்கம் ஒழிந்தே போய்விட்டது போலும். இருவர் ஆடும், பந்தய வரம்புள்ள ஹோல்டெம் என்ற போக்கர் வகைக்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியிலேயே செஃபியஸ் என்ற நிரலால் ஏறக்குறைய முழுத் தீர்வு கண்டுவிட்டார்கள். எதிராளி எப்படி ஆடினாலும் நீண்ட ஓட்டத்தில் தோற்காத சமநிலை உத்தி கையில் இருக்கும்போது எதிராளியின் குணத்தை ஆராய்வானேன்?

அரைக்காசு:
இருவர் ஆடும் வரம்புள்ள டெக்சாஸ் ஹோல்டெம்தான். சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டேன். மொத்தம் 2,000 ஆட்டம். எதிராளி நண்பர் எழுதிய நிரல், பணம் ஏதும் இல்லை. அட்டவணை சுழியத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஷோடவுனில், அதாவது ஆட்ட முடிவில், திறந்து காட்டப்படும் சீட்டுகளை வைத்து, எந்தப் பந்தயத்துக்குப் பின்னால் எவ்வளவு வலுவான கை (சீட்டுத் தொகுப்பு) இருக்கும் என்று கணக்கிடுகிறேன்.

தாயக்கட்டை:
நோய் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இந்த ஆட்டத்தில் ஓர் ஆட்டத்துக்கான திட்டவிலக்கம், அதாவது லாப நட்டம் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 6 சிறு பந்தயம். 2,000 ஆட்டத்துக்கு அதை 2,000இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 268 வருகிறது. உங்கள் 180 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதாவது, வெறும் சீட்டு வாகே இப்படிக் கவிழ்த்திருக்கலாம். முதல் 300இல் வென்றதற்கும் இதே பதில்தான். ஒரே சீட்டுகளை இருக்கை மாற்றி இரண்டாம் முறையும் ஆடவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கும். 2007இல் வான்கூவரில் மனிதர்களோடு பொலாரிஸ் என்ற போக்கர் நிரல் மோதியபோதும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு முன் நிரல் கற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதாகிவிடும்.

நெய்தல்:
சீட்டு வாகு ஒருபுறம் இருக்கட்டும். அரைக்காசு கடைசியாகச் சொன்ன வரியில்தான் எனக்குச் சந்தேகம். நீங்கள் பந்தயம் வைத்ததும் எதிராளி ஃபோல்டு செய்துவிட்டால் (சீட்டைக் காட்டாமல் விலகிவிட்டால்) அவர் கையில் என்ன இருந்தது என்பது தெரியவே போவதில்லை. ஷோடவுன் வரை வருபவை பெரும்பாலும் நல்ல கைகள். அவற்றை மட்டும் எண்ணினால், இவர் எப்போதும் பலமாகவே இருக்கிறார் என்று அட்டவணை முடிவுகட்டும். உடனே உங்கள் நிரல் பிளஃப் செய்வதை (வலுவற்ற கையோடு மிரட்டிப் பந்தயம் வைப்பதை) நிறுத்தும், அவருடைய பிளஃப்புக்கும் பயந்து ஃபோல்டு செய்யும். அதனால் ஷோடவுன் இன்னும் குறையும், அந்தப் பிளஃப்கள் வெளிச்சத்துக்கே வராது. தகவல் கூடக் கூடக் கெட்டுப்போவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஃபோல்டில் முடிந்த ஆட்டங்களையும், அங்கே இருந்திருக்கக்கூடிய எல்லாக் கைகளுக்கும் நிகழ்தகவு பிரித்துக்கொடுத்துச் சேருங்கள்.

பழைய நிரலர்:
செஃபியஸ் போல ஆடினால் இந்தத் தலைவலி ஏதும் இல்லை என்றுதானே நானும் சொன்னேன்.

நெய்தல்:
ஐயா, கல்-காகிதம்-கத்தரிக்கோலில் எதிராளி நாள் முழுக்கக் கல்லையே காட்டினாலும் சமநிலை உத்தி ஒரு காசுகூடச் சம்பாதிக்காது.

பழைய நிரலர்:
போக்கர் அப்படியன்று. வீணாக ஃபோல்டு செய்பவனிடமிருந்து சமநிலை உத்திக்கும் பணம் வந்து சேரும். எதிராளியின் பலவீனத்தை வேட்டையாடப் போகும் நிரலோ தன் பலவீனத்தைத் திறந்து காட்டுகிறது.

நெய்தல்:
வருவதை மறுக்கவில்லை, குறைவாக வருகிறது என்கிறேன். இதற்கும் ஆல்பர்ட்டாவிலேயே வழி இருக்கிறது. எதிராளி பாதி நேரம் நாம் கணித்தபடியும் மீதி நேரம் நமக்கு எதிராகச் சிறந்த முறையிலும் ஆடுவார் என்று வைத்துக்கொண்டு சமநிலை காண்பது. 2007இல் கட்டுரையாகவே வந்தது. கணிப்பின்மேல் எவ்வளவு நம்பிக்கையோ அந்த அளவுக்கு அந்தப் பாதியைக் கூட்டிக் குறைக்கலாம்.

அரைக்காசு:
ஃபோல்டு ஆன ஆட்டங்களைச் சேர்த்தேன், தொடக்க எண்ணிக்கையும் இட்டேன். 20,000 ஆட்டத்தில் இப்போது 410 சிறு பந்தயம் லாபம். அனைவருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

தாயக்கட்டை:
அதே கணக்கின்படி 20,000 ஆட்டத்துக்கு, முன்பு 268 என்று வந்த எண் 850ஐ ஒட்டி வருகிறது. உங்கள் 410 அதற்குள்தான் அடங்குகிறது. இருக்கை மாற்றி ஆடவிட்டுப் பார்த்தீர்களா?

தாயக்கட்டை:
இருக்கிறீர்களா?